ஒரு விரல் உயரம்

பார்வை பரிசோதிக்கும் அந்தச் சின்ன அறையில், வந்தவரின் மூக்கின் மேல் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, அவள் நாள் முழுக்கக் கேட்பது ஒரே கேள்விதான். "இது தெளிவா, இது தெளிவா?" வந்தவர் முதலில் தைரியமாகப் பதில் சொல்வார். நாலைந்து முறை ஆனதும் குரல் இறங்கிவிடும். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. நான் சரியாத்தான் சொல்றேனா?" என்று பரீட்சையில் மாட்டிக்கொண்டவர் போல அவளையே திருப்பிக் கேட்பார். "இதுல சரி தப்புன்னு எதுவும் இல்லைங்க. உங்களுக்கு எப்படித் தெரியுதோ அதைச் சொல்லுங்க" என்பாள். இத்தனை வருஷமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, டயர்க்கடையில் போய் நின்ற அன்றைக்குத்தான் அது எவ்வளவு ஆறுதல் தராத பேச்சு என்று புரிந்தது.

வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையில் அவளுக்குக் கண்ணாடிக்கா என்று பெயர். வீட்டில் ஊசி. ஊசி என்று வைத்தவன் அண்ணன். அவனுக்கு அவள் வைத்தது யானை. இரண்டு பெயருமே பொய்யில்லை. சின்ன வயதில் பூங்காவில் சீசாப் பலகையின் ஒரு முனையில் அவன் உட்கார்ந்தால் இவள் மறுமுனையில் ஆகாயத்தில் தொங்குவாள். அவனாக மனசு வைத்து எழுந்தால்தான் இவளுக்குத் தரை. "என்ன ஊசி, ஊரு தெரியுதா?" என்று கீழேயிருந்து கேட்பான். தெரிகிறது என்று ஒப்புக்கொண்டால்தான் இறக்கிவிடுவான்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தான். தங்கையின் வீட்டு மாடியறையில் இருந்தான். வாழ்க்கையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த எஸ்யூவிதான். வாங்கிய நாளிலிருந்து அவனைத் தவிர யாரும் அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருந்தது. ஆனாலும் அவன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் வாயாடிக்கொண்டு வருவது என்று அது பழக்கமாகிவிட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி கல்குவாரிக்குப் போகும். மலைச்சரிவில் கல் உடைப்பவர்களுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்க அவள் கடை முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு ஆரம்பித்த முகாம் அது. கல்தூசியில் கண் சிவந்து, சுத்தியல் எங்கே விழுகிறது என்று தெரியாமல் குத்துமதிப்பாக அடித்துக்கொண்டிருந்தவர்கள். அவள் பரிசோதிப்பாள், அண்ணன் எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாராவது ஓர் எழுத்தில் தடுமாறினால் வாயசைத்துச் சொல்லிக்கொடுத்து அவளிடம் திட்டு வாங்குவான்.

குவாரி வாசலில் லாரிகளை எடைபோடும் மேடை ஒன்று உண்டு. அண்ணன் ஒவ்வொரு முறையும் வண்டியை நேராக அதன் மேல் ஏற்றி நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்னப்பா, போன மாசத்துக்கு ஏறியிருக்கேனா, இறங்கியிருக்கேனா?" என்று கேட்பான். எடைமேடைக்காரர் தன் கூண்டுக்குள்ளிருந்து எண்ணைப் படிப்பார். "வண்டி அப்படியேதாண்ணே இருக்கு. நீங்கதான் ஏறிட்டே போறீங்க." அந்த ஒரே ஜோக்குக்கு இரண்டு பேரும் வருஷக்கணக்காகச் சிரித்தார்கள்.

மழைக்கு முன் ஒரு காலையில் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

முகாம் நின்றுபோனது. கடைசி முகாமில் அளவெடுத்த கண்ணாடிகள் எல்லாம் தயாராகி, அட்டைப்பெட்டியில் கடை மேஜைக்கடியில் கிடந்தன. முதலாளி ரொம்ப நாள் பொறுத்தார். பிறகு ஒருநாள் காலால் பெட்டியை லேசாகத் தட்டி, "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்மா. அப்புறம் லென்ஸைக் கழட்டிட்டு ஃப்ரேமையாவது வேற ஆளுக்குப் போடுவோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒருவர் கண்ணுக்கென்று தேய்த்த லென்ஸ் இன்னொருவருக்கு உதவாது. கழற்றினால் குப்பை.

எடைமேடைக்காரர் வாரம் தவறாமல் போன் செய்வார். அவருடைய கண்ணாடியும் அந்தப் பெட்டியில்தான்.

"அக்கா, அவசரப்படுத்துறேன்னு நினைக்காதீங்க. எனக்கு மெஷின்ல எண்ணு ஒண்ணும் பிடிபடலைக்கா. லாரிக்காரனுங்களையே படிக்கச் சொல்றேன். அவனுங்க எறும்பு ஏறி நின்ன மாதிரி ஒரு எடையைச் சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே போறானுங்க. மேனேஜர் முறைக்க ஆரம்பிச்சுட்டாரு."

"வர்றேன். இந்த மாசம் கண்டிப்பா வர்றேன்."

சொன்னபடி ஒருமுறை கிளம்பவும் செய்தாள். அண்ணன் இறந்தபிறகு அந்த வண்டியில் அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தது அன்றுதான். இருக்கையை முன்னால் இழுத்தாள், இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். அப்போது முன்பலகையில் வைத்த பேனா தானாக உருண்டு அவள் பக்கம் வந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி உருண்டது. வண்டி சமதரையில்தான் நின்றது. இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாள். வண்டியே ஓட்டுநர் பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது. அண்ணன் வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கிப்போயிருந்தது. இத்தனை காலம் பக்கத்து இருக்கையில் வந்தவளுக்கு அது தெரியவே இல்லை. அவன் போய்விட்டான், வண்டி இன்னும் அவன் உட்கார்ந்திருப்பது போலவே சாய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கணவரிடம் கூடச் சொல்லவில்லை. சொல்லி என்னவென்று விளக்குவது?

அன்று குவாரி வரை போக முடியவில்லை. மலைப்பாதையின் பாதியில் குறுக்கே ஒரு பாறை. முன்பெல்லாம் மண்ணுக்குள் அடங்கிக் கிடந்ததுதான். மழையில் சுற்றியிருந்த மண் கரைந்து ஓட, இப்போது முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒருபக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம், ஒதுங்கிப் போக வழியில்லை. உயரமான லாரிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவள் வண்டியின் வயிறு பாறை மேல் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் இறங்கித் தள்ளி விடுவித்தார்கள். குனிந்து பார்த்த ஒருவர் பாறையில் இருந்த கீறலைத் தடவிக் காட்டினார். "ஒரு விரல்தாங்க. இன்னும் ஒரே ஒரு விரல் உயரம் இருந்திருந்தா தாண்டியிருக்கும்."

அந்த ஒரு விரல் அவள் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கணவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். எதையும் விசில் ஊதித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். "பெட்டியை லாரியில குடுத்தனுப்பு. விஷயம் முடிஞ்சுது" என்றார்.

"கண்ணாடி என்ன செங்கல்லா, இறக்கி வெச்சுட்டு வர? மூக்குல உக்கார்ந்து, காதுல வளைச்சு, போட்டவங்க பார்த்துச் சொன்னாத்தாங்க அது கண்ணாடி."

"அப்ப நீயே லாரியில ஏறிப் போ."

"பரிசோதிக்கற லென்ஸெல்லாம் இருக்கற பெட்டி அந்தக் குலுக்கலுக்குத் தாங்காது."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த வண்டியில்தான் போக வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வண்டியை உயர்த்த என்ன வழி என்று விசாரித்தார்கள். அதோடு குழப்பம் ஆரம்பமானது. மெக்கானிக் எடுத்த எடுப்பிலேயே, "நாலு ஸ்பிரிங்கையும் தூக்கிப் போட்டுட்டு உயரமான செட் போட்டு வண்டியைத் தூக்கிடலாம். அப்புறம் என்ன பாறை, எந்தப் பாறை?" என்றார். தூக்கிப் போட்டுட்டு என்ற சொல் அவளுக்கு எங்கோ தைத்தது. "வண்டியைத் தூக்க வேணாம்" என்றாள்.

"ஏன் வேணாம்?" என்றார் கணவர்.

"காத்துல ஆடும்."

"யாரு சொன்னா?"

"ஆடும்ங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சரி, தூக்க வேணாம்" என்று விட்டுவிட்டார். விசிலை எப்போது ஊதக்கூடாது என்பதும் அவருக்குக் கொஞ்சம் தெரியும்.

அப்படியானால் பெரிய டயர் ஒன்றுதான் வழி. எவ்வளவு பெரியது? பழைய டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்களைக் கணவர் குந்தி உட்கார்ந்து படித்தார். பிறகு போனில் தேடிவிட்டு, இருந்ததைவிட அதிகம் குழம்பி எழுந்தார்.

"முதல் எண்ணு டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது எண்ணு உயரம். அது மில்லிமீட்டர்ல இல்ல, அகலத்துல எத்தனை சதவீதம்னு. மூணாவது உள்ள இருக்கற வீலோட அளவு, அது இஞ்ச்ல. ஒரே டயர்ல மூணு கணக்கு. இதை வெச்சவன் எந்த ஸ்கூல்ல படிச்சான்?"

"எங்க கண்ணாடிச் சீட்டும் அப்படித்தான் இருக்கும்."

"அதான் எனக்கு இன்னி வரைக்கும் என் பவர் என்னன்னு தெரியல."

விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். அகலம் கூட்டினாலே உயரமும் கூடும் என்றார் ஒருவர். அகலத்தைத் தொடாதே, உயரத்தை மட்டும் கூட்டு என்றார் இன்னொருவர். பெரிய டயர் போட்டால் வேகமுள் பொய் சொல்லும், ஐம்பது என்று காட்டும்போது நிஜத்தில் அதைவிடக் கூடப் போய்க்கொண்டிருப்பாய் என்று ஒருவர் பயமுறுத்தினார். மெதுவாகப் போனால் போயிற்று என்று அவரே சமாதானமும் சொன்னார். கேட்கக் கேட்க எல்லாமே சரியென்று பட்டது. இருட்டறையில் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் முகம் அவளுக்கு நினைவு வந்தது.

டயர்க்கடைக்காரர் ஆஜானுபாகுவான மனிதர். கடை வாசலில் கிடந்த பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அடுக்கு ஒருமுறை பெருமூச்சு விட்டது. அவள் பார்வை ஒரு நொடி அவர் தோளிலேயே நின்றுவிட்டது. அண்ணனின் அதே உடல்வாகு.

"சொல்லுங்க தங்கச்சி."

"சார், வண்டி ஒரு விரல் உயரணும். ஆனா ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது."

"ஆபரேஷன் பண்ணணும், ஆனா கத்தி வைக்கக்கூடாதுங்கறீங்க. பண்ணலாம்." டேப்பை எடுத்து அளந்தார். "ஒரு விரல் உயரணும்னா டயர் ரெண்டு விரல் பெருசாகணும்."

கணவர் விடவில்லை. "அதெப்படிங்க? ரெண்டு விரல் பெரிய டயர் வாங்கினா வண்டியும் ரெண்டு விரல் ஏறணுமில்ல? பாதியை யார் எடுத்துக்கறது?"

"நான் எடுத்துக்கலை சார். டயர் நடுவுலதானே வண்டி தொங்குது? பெருசாகறதுல பாதி வண்டிக்குக் கீழ, பாதி மேல. கீழ போறது உங்களுக்கு லாபம். மேல போறது போய் பாடியில இடிக்கும். அதுதான் நமக்கு வம்பு." ஒரு டயரைக் கையால் தட்டினார். "இது ஒரு சைஸ் பெருசு. எங்கயும் உரசாது, ஆனா அரை விரல்தான் குடுக்கும். அடுத்தது ஒரு விரல் குடுக்கும். உரசுமா உரசாதாங்கறது மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

அரை விரல் போதாது. பெரியதையே முன்பக்கம் இரண்டிலும் மாட்டச் சொன்னாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். விலை பேசி முடிக்காத டயர் மாட்டிய வண்டியை வாடிக்கையாளர் ரோட்டில் எடுக்கக்கூடாது. கடைக்காரரே ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அவர் ஏறி, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இறங்கினார். "உரசுது. டிரைவர் பக்கம். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்பக்கத் தகட்டுல கர்ருங்குது. அந்தப் பக்க ஸ்பிரிங் உக்கார்ந்து போச்சு தங்கச்சி. அந்த ரெண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாத்துங்க, இந்த டயர் அழகா உக்காரும்."

எங்கே சுற்றினாலும் அந்த ஸ்பிரிங்கிடமே வந்து நின்றது. "நானும் ஒருதடவை ஓட்டிப் பார்க்கறேன் சார்" என்றாள்.

"ரோட்டுக்கு எடுக்காதீங்க. இங்க வாசல்லயே ஒடிச்சுப் பாருங்க."

அவள் ஏறி, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து வட்டமடித்தாள். சத்தமே இல்லை. இறங்கினாள். "உரசலையே."

"முழுசா ஒடிச்சீங்களா?"

"அதுக்கு மேல திரும்பலை."

அவர் ஏறினார். அதே வட்டம். கர்ர் என்றது, தெருவில் போனவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. கணவர் ஏறினார். ஒல்லியான மனிதர். வட்டமடித்தார். சத்தம் போடாமல் பூனை மாதிரி வந்து நின்றது வண்டி.

"எனக்கும் உரசலை" என்றார் கணவர். அவர் குரலில் சந்தேகம் ஏறிவிட்டது. "ஸ்பிரிங் விக்கறதுக்கு நீங்க ஏதாவது..."

"சார், கடையில டயர் விக்கறேன், சத்தமெல்லாம் நானா பண்ணி விக்கறதில்ல." அவருக்கும் முகம் சுருங்கிப்போனது. "நான் ஏறினா மட்டும் உரசுது. வண்டிக்கு என்னைப் பிடிக்கலையா, என்ன எழவுன்னு தெரியலையே." குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், கையை விட்டுத் துழாவினார், கணவரை மறுபடி ஏறச் சொன்னார், இவளை ஏறச் சொன்னார். மூவரும் மாற்றி மாற்றி ஏறி இறங்கியதில் யார் ஏறினால் என்ன ஆயிற்று என்பதே கலங்கிப்போயிற்று. ஒருவர் காதை ஒருவர் நம்பாமல் நின்றார்கள்.

"நீங்க மறுபடி ஏறுங்க. நான் வெளிய நின்னு பார்க்கறேன்" என்றாள் அவள். காது குழம்பிவிட்டது. கண் அவளுடைய தொழில்.

அவர் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு முழு உடம்பையும் இருக்கையில் இறக்கினார். வண்டி அந்தப் பக்கமாக ஒருமுறை தாழ்ந்து, பிறகு நின்றது. டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே இருந்த இடைவெளி நகக்கண் அளவுக்குச் சுருங்கியது.

அந்தத் தாழ்வை அவளுக்குத் தெரியும். தெருவில் காத்து நின்று எத்தனை காலைகளில் அதைப் பார்த்திருக்கிறாள். அண்ணன் ஏறியதும் வண்டி அப்படித்தான் ஒருமுறை தாழும். அதற்கப்புறம்தான் இவள் சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறப்பாள்.

"கனம்" என்றாள். "உங்க கனம் சார். நீங்க உக்கார்ந்தா அமுங்குது. நாங்க உக்கார்ந்தா அமுங்கலை."

டயர்க்கடைக்காரர் உள்ளேயே உட்கார்ந்து யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தனை வருஷமா என் கடையில நான் ஓட்டிப் பார்த்துத்தான் வேணும் வேணாம்னு சொல்லியிருக்கேன். எத்தனை பேருக்கு என் உடம்பை வெச்சு டயர் வித்தேனோ." இறங்கினார். "அப்ப இந்த டயர் உங்களுக்குச் சரிதான். ஆனா நாளைப்பின்ன என்னை மாதிரி ஒருத்தர் ஓட்டினா உரசும். உங்க வீட்டுல கனமான ஆளு யாராச்சும் ஓட்டுவாங்களா?"

கணவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர மனது கலங்கிவிட்டது. ஸ்பிரிங்கை மாற்றினால் அண்ணன் அழுத்திவைத்த சாய்வு போய்விடும். மாற்றாமல் இந்த டயரைப் போட்டால், அவன் இனிமேல் ஓட்டவே முடியாத வண்டி இது. அவன் இல்லாததால்தான் இந்த டயர் பொருந்துகிறது. சின்ன டயர் போட்டால் அவனுக்கும் பொருந்தும், ஆனால் பாறை விடாது, பெட்டி மேஜைக்கடியிலேயே கிடக்கும். அவன் ஓட்ட வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்ததை ஒரு டயர்க்கடை வாசலில் நின்று முடிவாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் தெரியாது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா? நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்கார்றேன்" என்றாள்.

"அதான் தெரிஞ்சுபோச்சே தங்கச்சி. நான் ஓட்டினா உரசும்."

"தெரியும். இருந்தாலும் ஒரே ரவுண்டு."

அவருக்குப் புரியவில்லை. கணவரைப் பார்த்தார். கணவர், "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அவள் தன் பழைய இருக்கையில் ஏறினாள். பக்கத்தில் ஒரு பெரிய உடம்பு உட்கார, வண்டி தாழ்ந்தது. பேனா ஓட்டுநர் பக்கம் உருண்டு போயிற்று. தெருமுனையில் அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். கர்ர். அடுத்த முனையில் மறுபடி கர்ர். அவர் சங்கடப்பட்டு, "டயர் பாழாகிடும்மா" என்றார். அவள் தலையாட்டினாள். நேர்ச்சாலையில் சத்தம் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வெளியே கடைகள், கம்பங்கள், யாரோ ஒருவர் சைக்கிளில். எல்லாம் அது அதுவாகவே இருந்தது. கடைசித் திருப்பத்தில் அவர் முழுசாக ஒடிக்காமல் அகலமாகச் சுற்றி எடுத்தார். சத்தம் வரவில்லை. வந்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

வாசலில் இறங்கியதும், "நாலும் இதையே போடுங்கண்ணே" என்றாள். அந்தச் சொல் வாயில் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவரும் கூட வந்தார். கழுத்தில் விசில் இருந்தது. பாறை வந்ததும் இறங்கி, முன்னால் ஓடிப்போய் நின்று, மைதானத்தில் அணிவகுப்பு நடத்துவது போலக் கையை உயர்த்தினார். ஒரு விசிலுக்கு முன்னால், இரண்டு விசிலுக்கு நிறுத்து என்று ஏற்பாடு. நடுவில் மூன்று விசில் ஊதினார்.

"மூணுக்கு என்னங்க?"

"மூணு பயத்துல ஊதினது. நீ வா."

முன்சக்கரம் ஏறி இறங்கியது. வயிற்றுக்குக் கீழே மெல்லச் சுரண்டும் சத்தம், நகத்தால் பலகையைக் கீறுவது போல. பின்சக்கரமும் ஏறி இறங்கியது. தாண்டிவிட்டது. பின்னால் கணவர் விசிலைத் தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தார். ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது கஷ்டம், நடந்து வாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மேலே போய்விட்டாள்.

குவாரி வாசலில் எடைமேடைக்காரர் வெயிலில் நின்றிருந்தார். வண்டிச் சத்தத்தைத்தான் அடையாளம் கண்டிருக்க வேண்டும், முகத்தை அல்ல. அவள் பெட்டியைத் திறந்து முதலில் அவருடையதை எடுத்தாள். மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் வளைவு சரியில்லை என்று கழற்றி, அழுத்தி, மறுபடி வைத்தாள். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி மலையைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"இளைச்சுட்டீங்கக்கா."

"எண்ணு தெரியுதான்னு பாருங்க முதல்ல."

"இருங்க. வேற எவன் லாரியும் வேணாம். முதல் எடை உங்க வண்டிதான். மேடையில ஏத்துங்க" என்று கூண்டுக்குள் ஓடினார்.

அவள் ஏறி உட்கார்ந்து வண்டியை மேடையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். இரும்புத் தகடு லேசாக அசைந்து அடங்கியது. வழக்கமாக நிறுத்தும் அதே இடம். உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் வேறு. கண்ணாடியை இறக்கினாள். கேட்க வேண்டியவன் இல்லாததால் கேள்வி யாரும் கேட்கவில்லை.

அவர் எண்ணைச் சத்தமாக, ஒவ்வொன்றாக, தடுமாறாமல் படித்தார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. பிறகு நிறுத்தினார். மெஷினுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

"கம்மியா காட்டுதேக்கா. உங்க வண்டி எடை எனக்கு மனப்பாடம். இவ்ளோ கம்மியா வந்ததே இல்லையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கண்ணாடி தப்பா, மெஷின் தப்பா? ஒரு ஆளு எடை குறை..."

அவர் கை கண்ணாடியின் மேலேயே இருந்தது.

கீழே திருப்பத்தில் கணவரின் விசில் இன்னும் கேட்டது, களைத்துப்போய், விட்டு விட்டு. அவள் கூண்டின் பக்கம் திரும்பினாள். தினம் கேட்கும் கேள்வியைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

"தெளிவா தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"அப்ப சரிதான்."

பின்னால் ஒரு லாரி வந்து நின்று மேடை காலியாகக் காத்திருந்தது. ஹாரன் அடித்தது. அவள் கியரைப் போட்டாள். பேனா உருண்டு வந்து அவள் பக்க ஓரத்தில் முட்டி நின்றது. அதை எடுத்து வைக்கலாமா, அங்கேயே இருக்கட்டுமா என்று ஒரு கணம் தெரியாமல் இருந்துவிட்டு, வண்டியை முன்னால் எடுத்தாள்.